கடைமடையிலிருந்து ஒரு பாராட்டு

நெல்லை வாங்கி, அரைத்து, ரேஷன் கடை வரைக்கும் கொண்டுசேர்க்கிற முடிவுகளை எடுக்கும் பெரியோர்களே! உங்களை யாரும் வாய்விட்டுப் பாராட்டி நான் கேட்டதில்லை. குறுவைக்கு ஒருமுறை, சம்பாவுக்கு ஒருமுறை மறியல் நடக்கிறது. குறைதீர் கூட்டத்துக்கு முளைத்த நெல்லை மடியில் கட்டி எடுத்துப்போய்க் கொட்டுகிறார்கள். கல்லணைக் கால்வாயின் வால்முனையில், பட்டுக்கோட்டையும் தாண்டிக் கடலோரத்தில் இருக்கிற அதிராம்பட்டினத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு உங்கள் காரியங்கள் முழுதாகத் தெரிகின்றன. எல்லாம் எங்களிடம் வந்துதான் முடிகிறது என்பதால், கடைசியில் இருக்கிறவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.

முதலில் உங்கள் அறிவைச் சொல்ல வேண்டும். சரக்கை வாங்கி வைத்து, கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்துப் பிழைக்கிற எந்த வியாபாரிக்கும் மூன்று விஷயம் முன்கூட்டித் தெரியாது. எவ்வளவு கேட்பார்கள், சரக்கு எப்போது வரும், நடுவில் என்ன இடைஞ்சல் வரும் என்று தெரியாமல்தான் உலகம் முழுக்க வியாபாரம் நடக்கிறது. பெரிய கம்பெனிகள் இதை ஊகிப்பதற்கென்றே ஆட்களையும் கணினிகளையும் வைத்திருக்கின்றன. உங்களுக்கோ மூன்றும் தெரியும். தமிழ்நாட்டில் இரண்டு கோடிக்கு மேல் குடும்ப அட்டைகள். 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். எந்தக் கடைக்கு மாதம் எத்தனை மூட்டை என்பது உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. மேட்டூர் திறந்த தேதியைச் சொன்னால், குறுவை எப்போது அறுவடைக்கு வரும் என்று இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளை விரல்விட்டு எண்ணிச் சொல்லும். ஐப்பசியில் மழை வரும் என்பதற்கு வானிலை அறிக்கையும் வேண்டாம்.

2025இல் மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதியே திறந்தது. தண்ணீர் இருந்தது, குறுவைப் பரப்பும் கூடியது. 110, 115 நாள் ரகங்கள் புரட்டாசி கடைசியில் களத்துக்கு வந்தே தீரும். செப்டம்பர் 1ஆம் தேதியே கொள்முதல் பருவத்தைத் தொடங்கும் ஏற்பாட்டையும் 2022 முதல் நீங்கள் செய்துவைத்திருக்கிறீர்கள். அந்த முன்யோசனையை மனமாரப் பாராட்டுகிறேன். அப்படியெல்லாம் யோசித்து வைத்த பிறகு, அக்டோபரில் வாங்கிய மூட்டை கிடங்குக்குப் போகாமல் கொள்முதல் நிலையத்திலேயே அடுக்கிக் கிடந்தது. அது போகாததால் அடுத்த மூட்டையை வாங்க இடமில்லை. வாங்காத நெல் சாலையோரத்தில் குவிந்தது. பிறகு மழை வந்தது. வரவேண்டிய நாளில்தான் வந்தது.

மூட்டை நகராததற்கு ஒரு காரணமும் சொல்லப்பட்டது. ரேஷன் அரிசியில் 100 கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் செறிவூட்டிய அரிசி கலக்க வேண்டும். அந்த ஒரு கிலோவுக்கான ஒப்புதல் டெல்லியிலிருந்து தாமதமாக வந்ததால் அரவை நின்றது என்று மாநில அரசு சொன்னது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இரும்புச்சத்து சேர வேண்டும் என்ற அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒரு கிலோவுக்காக மற்ற 99 கிலோவும் மழைக்கு முன்னால் நின்றது. அரிசியில் கலக்க வேண்டிய பொருளுக்காக நெல்லையே நிறுத்திவைக்கிற அளவுக்கு விதியை மதிப்பவர்கள் நீங்கள். நெல்லைக் கிடங்கில் ஏற்றி வைத்துக்கொண்டும் ஒப்புதலுக்குக் காத்திருந்திருக்கலாம். அது உங்களுக்குத் தோன்றவில்லை.

உங்கள் பொறுமைக்குச் சரியான சாட்சி எங்கள் பக்கத்துச் சம்பாதான். கடைமடையில் தண்ணீர் தாமதமாக வரும், நடவும் தாமதமாகும், அறுவடை தை பிறந்த பிறகுதான் தொடங்கும். மேலே திருவையாற்றிலும் கும்பகோணத்திலும் நெல் மூட்டைக்குள் போன பிறகும் இங்கே கதிர் பச்சையாக நிற்கும். ஆக, எங்கள் நெல் களத்துக்கு வரும்போது உங்கள் சாக்கு தீர்ந்திருக்கும், லாரி வேறு ஊரில் இருக்கும், கிடங்கு நிறைந்திருக்கும். முன்னால் வந்தவருக்கு முதலில் என்ற நியாயத்தை நீங்கள் விட்டுக்கொடுத்ததே இல்லை. தண்ணீரில் கடைசியாக நின்றவர்களைக் கொள்முதலிலும் கடைசியாகவே நிறுத்துகிறீர்கள். ஒரே வரிசை, மாற்றமில்லாத வரிசை.

அந்த வரிசையின் கடைசியை ஒருமுறை கிட்டத்தில் வந்து பாருங்கள். மாசி மாதத்து முற்பகல். நிலையத்து வாசலில் இடமில்லாமல் குவியல்கள். பட்டியல் எழுத்தர் வருகிறார், குவியலின் மேல் நெல்லைத் தொடவில்லை, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு அடி நெல்லில் ஒரு பிடி எடுக்கிறார். ஈரப்பதமானியில் கொட்டி மூடியைத் திருகுகிறார். 17.9 சதவீதம் என்று காட்டுகிறது. 17க்கு மேல் போனால் வாங்க மாட்டார்கள்.

“பெரியவரே, இன்னும் ஒரு வெயில் போடுங்க. நாளைக்குப் பாப்போம்.”

“நேத்து பதினேழுதான் சார் காட்டுச்சு. ராத்திரி பனி எறங்கிடுச்சு.”

“நான் என்னங்க பண்றது? மேல போனா திருப்பி அனுப்புறாங்க.”

அவர் சொல்வதும் பொய்யில்லை. இதில் யாரும் யாரையும் திட்டவில்லை. பெரியவர் தார்ப்பாயை விரித்து, காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டு நடக்கிறார். கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வரும். பகல் முழுதும் வெயில் எடுத்த ஈரத்தில் பாதியை இரவு திருப்பித் தந்துவிடும். பெல்ட் வைத்த அறுவடை மிஷின் வந்த பிறகு அறுத்த அன்றைக்கே நெல் ஈரத்தோடு களத்துக்கு வந்துவிடுகிறது. கையால் அறுத்து அரி போட்டு வயலிலேயே காயவிட்ட காலம் போய்விட்டது. மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை, காயவைப்பதற்கு நாள் கணக்கில் காத்திருப்பு. பெரியவர் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார். அத்தனை ஏக்கர் விளைச்சலையும் ராத்திரி காவல் காக்கிற செலவு உங்கள் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கிடங்கு வாடகை, காவல், காப்பீடு எதுவும் இல்லாமல் இவ்வளவு நெல்லைச் சேமித்து வைக்கும் வித்தை வேறெந்த வாணிபத்துக்கும் கைவரவில்லை.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் எதிர்பாராத மழை டெல்டாவை அடித்தது. அறுவடைக்கு நின்ற சம்பா படுத்தது, அறுத்துப் போட்டது நனைந்தது. ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநிலம் கடிதம் எழுதியது, மத்தியக் குழு வந்தது, நிலையம் நிலையமாகப் போய் நெல்லை மாதிரி எடுத்துப் பையில் போட்டு ஆய்வுக்கு அனுப்பியது. அந்த மாதத்தின் பிற்பகுதியில் 20 சதவீதம் வரை வாங்கலாம் என்று அனுமதி வந்தது. நெல் நனைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்ததோடு விடாமல் ஆய்வுக்கூடத்திலும் நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே இரங்கினீர்கள். அந்த நிதானத்துக்குள் எத்தனையோ குவியல் மஞ்சளாகிவிட்டது. நனைந்த நெல்லுக்கு நாள் முக்கியம். ஒரு நாள் சூடேறும், அடுத்த சில நாளில் முளைவிடும், அதன் பிறகு அது சோற்றுக்கு ஆகாது. 2022 அக்டோபரிலும் இதே மாதிரி 19 சதவீதத்துக்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு முறை புதிதாக அனுமதி கேட்கிறீர்கள்.

17 சதவீதம் என்ற அளவை நான் குறை சொல்லவில்லை. ஈர நெல்லை அடுக்கினால் கெட்டுப்போகும் என்பது உழவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். தண்ணீருக்கு யாரும் விலை கேட்கவும் இல்லை. 22 சதவீத ஈரத்தில் இருக்கிற 1,000 கிலோ நெல்லை 17க்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 940 கிலோதான் நிற்கும். அந்த 60 கிலோ தண்ணீர் போகட்டும். 17க்குப் பதிலாக 14 வரை காயவைத்துக் கொண்டுவந்த உழவருக்கு என்ன கொடுக்கிறீர்கள்? அதே 40 கிலோவுக்கு அதே விலை. அவர் மூட்டையில் நெல் அதிகம், தண்ணீர் குறைவு. 17ஐத் தாண்டினால் திரும்பிப் போக வேண்டும். குறைந்தால் ஒரு காசு கூடாது. இதைவிடச் சிக்கனமான வாங்குகிறவரை நான் பார்த்ததில்லை.

ஜப்பானில் விவசாயக் கூட்டுறவுகள் பெரிய உலர்த்தும் கூடங்களை வைத்திருக்கின்றன. வயலிலிருந்து வந்த ஈர நெல்லை அப்படியே வாங்கிக்கொண்டு, எடையையும் ஈரத்தையும் சேர்த்து அளந்து, உலர்ந்த எடைக்குக் கணக்கு எழுதிவிட்டு, தாங்களே மிஷினில் காயவைக்கிறார்கள். உழவர் வண்டியைக் காலி செய்துகொண்டு வீட்டுக்குப் போகிறார். அங்கே ஒரு கட்டடம் செய்கிற வேலையை இங்கே நம் குடும்பங்கள் செய்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பக்கம் நெல் விரித்திருக்கும், மறுபக்கம் பஸ் போகும். தார்ச் சாலையின் சூடு நெல்லுக்கு நல்லதென்று நினைத்து விரிக்கவில்லை. வேறு காய்ந்த தரை இல்லை. போதுமான உலர்த்தும் மிஷின்களுக்குச் செலவு செய்யாமல் நெடுஞ்சாலைத் துறையின் சாலையையே களமாக்கிக்கொண்டது உங்கள் சாதனை. அதற்கு நெடுஞ்சாலைத் துறைக்கும் வாடகை கொடுத்ததில்லை.

விலையில் உங்களைக் குறைசொல்ல வாயில்லை. இதை மனதாரச் சொல்கிறேன். 2025–26 பருவத்தில் மத்திய அரசு பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,369, சன்ன ரகத்துக்கு 2,389 என்று வைத்தது. மாநிலம் அதன் மேல் 131, 156 ஊக்கத்தொகை கூட்டி 2,500, 2,545 ஆக்கியது. 40 கிலோ சிப்பம் ஆயிரம் ரூபாய், சன்ன ரகம் என்றால் அதற்கும் மேல். உங்கள் நிலையங்கள் இல்லாத ஊரில் தனியார் வியாபாரி என்ன விலைக்குக் கேட்பார் என்று எங்களுக்குத் தெரியும், அதனால்தான் உங்கள் வாசலில் வந்து நிற்கிறோம். நிலையத்தில் சிப்பத்துக்கு 40 ரூபாய் என்று ஒரு கணக்கு ஓடுவதாக விவசாயிகள் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. 40 கிலோவுக்கு 40 ரூபாய் என்றால் குவிண்டாலுக்கு 100. நீங்கள் பொது ரகத்துக்குக் கொடுக்கிற 131 ஊக்கத்தொகையில் 100 அந்த வாசலிலேயே இறங்கிவிடும். இரண்டு டன் விளைந்த ஏக்கருக்கு 2,000 ரூபாய். சட்டமன்றத்தில் அறிவிக்கிற பெருந்தன்மையும் களத்து வாசலில் எடுத்துக்கொள்கிற கையும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு முனை. மேல் முனையில் இருப்பவர்களுக்குக் கீழ் முனை தெரியாது என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு அறிவுள்ளவர்கள் நீங்கள்.

அந்த 40 ரூபாய் எங்கிருந்து பிறக்கிறது என்பதில்தான் உங்கள் கெட்டிக்காரத்தனம் முழுதும் இருக்கிறது. வெறும் பேராசை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. 17 சதவீத ஈரத்தில் வாங்கிய 40 கிலோ மூட்டை, லாரி வராமல் நிலையத்திலேயே வாரக்கணக்கில் வெயிலில் கிடந்தால் காய்ந்துகொண்டே போகும். 14க்கு வந்தால் எடை 38.6 கிலோ. மூட்டைக்கு 1.4 கிலோ காற்றில் போய்விட்டது, யாரும் திருடவில்லை. 10,000 மூட்டை கிடந்த நிலையத்தில் 14 டன். ரூபாயில் சொன்னால் மூன்றரை லட்சம். நகர்த்தத் தவறியது மேலே எடுத்த முடிவு. குறைந்த எடைக்குப் பதில் சொல்ல வேண்டியதோ கீழே இருக்கிற பருவகாலப் பட்டியல் எழுத்தர். இழப்பில் கொஞ்சத்தை அனுமதித்துவிட்டு மிச்சத்தைத் தங்களிடமே பிடிக்கிறார்கள் என்று பணியாளர் சங்கங்களும் சொல்லிவருகின்றன. அவர் சம்பளத்தில் அதைத் தாங்க முடியாது. அதனால் எடை போடும்போதே கூடக் கொஞ்சம் தள்ளிக்கொள்கிறார், அல்லது ரூபாயாக வாங்கிக்கொள்கிறார். அப்படி வாங்கப் பழகிய கை, தேவைக்கு மேலும் வாங்குகிறது. லாரி அனுப்பாததன் செலவு இப்படியாக உழவரின் சட்டைப் பையிலிருந்து வருகிறது, லாரியை அனுப்பாதவரின் கோப்பில் இழப்பு என்று ஒரு வரிகூட இல்லை. தாமதத்தால் தாமதிப்பவருக்கு நஷ்டமே வராதபடி ஒரு ஏற்பாட்டை அமைப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது.

இதே அதிராம்பட்டினத்தில், மீனவர்களின் கரையூர்த் தெருப் பக்கம் போனால் உங்களுக்கு நேர்மாறான மனிதர்களைப் பார்க்கலாம். படகு கரைக்கு வந்ததும் ஏலம். கொடுவா, நண்டு, இறால் தனித்தனியாகக் கூறு கட்டுகிறார்கள். நல்ல நண்டு ஏற்றுமதிக்கு எடுக்கிறவரிடம், பெரிய மீன் வெளியூர் வண்டிக்கு, நடுத்தரம் பட்டுக்கோட்டை மார்க்கெட்டுக்கு, பொடிமீன் இருசக்கர வண்டியில் தெருத்தெருவாக விற்கிறவர்களுக்கு. எதற்கும் போகாதது உப்புக்குள் போய்க் கருவாடாகிறது. எந்த ஆர்டருக்கு எதைக் கொடுத்தால் கட்டுபடியாகும், ஐஸுக்கு எவ்வளவு, வண்டி வாடகைக்கு எவ்வளவு என்பதெல்லாம் ஏலக்காரர் நின்ற இடத்திலேயே மனக்கணக்காகப் போட்டுவிடுகிறார். அவர் படித்த மேலாண்மை ஒன்றுதான்: மீன் கெட்டால் அவருடைய பணம் கெடும். உப்பளத்திலும் அப்படித்தான். மழை மேகம் தெரிந்தால் உப்புக் குவியலைக் கீற்றால் மூட ஆள் ஓடுகிறது, ஏனென்றால் கரைகிற உப்பு மூடுகிறவருடையது. உங்கள் நிலையத்தில் நனைகிற நெல் வாங்குவதற்கு முன் உழவருடையது, வாங்கிய பின் எல்லோருடையதும். உங்களுடையதாக அது ஒரு நாளும் இருந்ததில்லை.

பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. மூவாயிரம் கலம் கொள்ளும் என்பார்கள். மின்சாரமும் சிமெண்டும் இல்லாத காலத்தவர்கள் நெல்லுக்குக் கூரை போட்டார்கள். 1972இல் தொடங்கிய உங்கள் நுகர்பொருள் வாணிபக் கழகம் அதைவிடப் பல மடங்கு பெரிய காரியத்தில் ஒரு பகுதியைத் திறந்தவெளியில், கட்டைமேல் அடுக்கி, தார்ப்பாய் போர்த்திச் செய்கிறது. தார்ப்பாயில் ஓட்டை இருக்கிறதா என்று மழைதான் வந்து சொல்லும்.

இத்தனைக்கும் உங்கள் கையில் இருக்கிற வேலை பெரிய புதிரில்லை. அரவை ஆலைகளில் ஒரு பகுதி மேற்கிலும் வடக்கிலும் இருக்கிறது, நெல் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் நிலையங்களிலிருந்து சரக்கு ரயிலில் போகிறது. 100 கிலோ நெல் ஆலைக்குப் போனால் புழுங்கல் என்றால் 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ திரும்பி வர வேண்டும் என்ற கணக்கு உங்களிடம் உண்டு. 68க்கும் 67க்கும் நடுவில் ஒரு கிலோவுக்கு அத்தனை கறாராக இருக்கிற நீங்கள், களத்துக்கும் கிடங்குக்கும் நடுவில் போகிற கிலோக்களை மட்டும் பட்டியல் எழுத்தர் தலையில் எழுதிவிட்டிருக்கிறீர்கள். எந்த நிலையத்து மூட்டை எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பது உங்கள் கணினியில் தெரியும். ஒவ்வொரு மூட்டைக்கும் வாங்கிய தேதி இருக்கிறது. வாங்கி ஒரு வாரம் தாண்டிய மூட்டையின் எடை இழப்பை லாரிக்கு உத்தரவு போட வேண்டியவரின் பெயரில் எழுதினால், பட்டியல் எழுத்தர் நிமிர்ந்து உட்காருவார், அடுத்த உழவரிடம் 40 ரூபாய் கேட்க அவருக்கு ஒரு சாக்கும் இருக்காது. 17க்குக் கீழே காயவைத்தவருக்கு உலர்ந்த எடைக்கு ஏற்பக் கூடுதல் விலை கொடுத்தால், காயவைக்கச் சொல்லி நீங்கள் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியதும் இருக்காது. ஒரு வட்டத்துக்கு ஒரு உலர்த்தும் மிஷினாவது நிறுத்திவைத்தால் பெரியவர் வீட்டில் போய்ப் படுப்பார்.

மாசியில் எங்கள் பக்கம் அறுவடை. தை கடைசிக்குள் சாக்கும் சணலும் லாரியும் கடைமடைக்கு வந்து நிற்கட்டும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருகிற வரிசையை ஒரு வருஷமாவது மாற்றி, மழைக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் வாங்குங்கள்.